மீதி பத்து மாத்திரை

டப்பாவில் ஏழு மாத்திரை மீதி இருந்திருக்க வேண்டும். பத்து இருந்தன.

சிஸ்டர் அவற்றை ஒரு நீலத் தட்டில் கொட்டி, தட்டையான சின்னக் கரண்டியால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினார். எண்ணி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அப்புறம் தாளில் பத்து என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். "பாபா, இந்த மூன்று நாளில் என்ன நடந்தது?"

ஜூலு மொழியில் பாபா என்றால் அப்பா. மூத்த ஆண்களை இங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

"மறந்துவிட்டேன்" என்றேன். அது பொய்.

தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனில், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வீங்கி வலிக்கும் கவுட் நோய்க்கான ஒரு புது மாத்திரையை வைத்து நடந்த ஆய்வில் நானும் ஒருவனாக இருந்தேன். ஓராண்டுக்கு மேல் போய்வந்தேன். "எவ்வளவு கொடுத்தார்கள், பக்கவிளைவு உண்டா, நீ ஏன் போனாய்?" என்று அன்றிலிருந்து பலர் கேட்கிறார்கள். எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது அந்த மூன்று மாத்திரைகளைப் பற்றித்தான். ஆனால் அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் மன்னார்குடிக்காரன். 2004-இல் இங்கே வந்தேன். ஒரு மசாலா மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கவுட் எனக்கு வந்தது ஒரு புரட்டாசி மாதத்தில். இந்த ஊர்த் தமிழர்கள் புரட்டாசியை எவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். மற்ற மாதங்களில் ஆட்டுக்கால் குழம்பும் பீன்ஸும் இல்லாமல் ஞாயிறு கழியாத வீடுகளில்கூட அந்த மாதம் முழுக்க முட்டை வாசம் இருக்காது. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். நாலாவது சனிக்கிழமை பூசை முடிந்து, வெறுங்காலோடு நடந்து வீட்டுக்கு வந்து படுத்தேன். இரவு இரண்டு மணிக்கு வலது கால் பெருவிரல் தீயாக எரிந்தது. முள் குத்தி உள்ளே முறிந்துவிட்டது என்று நினைத்தேன். என் மனைவி செல்போன் டார்ச்சை அடித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலைத் தொடாமலே கால் மணி நேரம் முள்ளைத் தேடினாள். முள் இல்லை. விடிந்தபோது விரல் தக்காளி மாதிரி சிவந்து பளபளத்தது.

கறி தின்றால் வரும் நோய் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். நான்கு வாரமாகக் கறியே தொடாதவனுக்கு எப்படி? டாக்டர் சொன்ன பதில் எனக்குப் புதிது. நம் உடம்பில் இருக்கும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உடம்பே உண்டாக்குகிறது. உணவிலிருந்து வருவது மிச்சம்தான். அதை வெளியே தள்ளும் பெரிய வேலை சிறுநீரகத்துடையது. அந்த வேலை மந்தமாக நடக்கும் உடல்வாகு பலருக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. என் அப்பாவுக்கும் இதே விரல் வீங்கும். "வாதம்" என்று சொல்லி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய கால்தான் எனக்கு வந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதைக் கேட்டுப் பருப்பைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். இறைச்சியும் மீனும் அதிகம் தின்றவர்களுக்குக் கவுட் கூடுதலாக வந்தது. பால், தயிர் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் குறைவாக வந்தது. பருப்பு, கீரை, காளான் தின்றவர்களுக்கு அதனால் கூடவில்லை. சாம்பாருக்குப் பயப்பட வேண்டாம். சர்க்கரை போட்ட குளிர்பானத்துக்கும் பீருக்கும் பயப்படலாம்.

யூரிக் அமிலத்தை இங்கே வேறு அளவில் எழுதுவார்கள். என்னுடையது 0.54 என்று வந்தது. போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணுக்கும் கம்மிதானே, முருகா" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். ஊர்க் கணக்கில் அது 9. ரத்தத்தில் 6.8-ஐத் தாண்டினால் யூரிக் அமிலம் கரைந்த நிலையில் நிற்க முடியாமல் மூட்டுகளில் ஊசி ஊசியான படிகமாகப் படியத் தொடங்கும். 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தால், படிந்தது மெல்லக் கரையும். இந்த நோயின் வைத்தியம் முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

அலோபியூரினால் கொடுத்தார்கள். நல்ல மருந்து, மலிவான மருந்து. முதலில் ரத்தப் புற்றுநோய் மருந்துக்குத் துணையாகக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளின் யூரிக் அமிலம் இறங்கியதைக் கவனித்துத்தான் இதைக் கவுட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1966-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மருந்தை நான் எப்படிச் சாப்பிட்டேன்? வலி வந்தால் பத்து நாள், வலி போனால் நிறுத்தம். எனக்குத் தெரிந்த கவுட்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். அப்படிச் சாப்பிடுவதும் சாப்பிடாமல் இருப்பதும் ஒன்றுதான். ஒரே ஆண்டில் நான்கு முறை படுத்தேன். நான்காவது முறை மூட்டு வைத்திய நிபுணர், "ஒரு ஆய்வு நடக்கிறது, நீங்கள் விரும்பினால் விசாரித்துப் பாருங்கள்" என்றார். விரும்பினால் என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. துணி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் வயதுக்காரர்களிலேயே தமிழ் பேசுபவர்கள் இங்கே அருகிவிட்டார்கள். அவர் பேசுவார், வட ஆற்காட்டு வாடையோடு, அவருடைய தாத்தா கப்பலில் கொண்டுவந்த தமிழை. நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கும் கவுட் உண்டு, முழங்கையில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி. ஆய்வுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னதும் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எலி மாதிரி வச்சிக்குவாங்களா தம்பி?"

"இல்ல மாமா. எழுதித்தான் தருவாங்க. படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து."

"எங்க தாத்தாவும் கைநாட்டு வச்சிட்டுத்தான் கப்பல் ஏறினாரு. கிரிமிட்டு காயிதம். என்னா எழுதி இருந்திச்சின்னு அவருக்குத் தெரியாது. அஞ்சு வருசம் கரும்புக் காட்டுல போனப்புறம்தான் தெரிஞ்சிது."

இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. கிரிமிட்டு என்பது கரும்புத் தோட்டக் கூலிகளின் ஒப்பந்தம். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைக்கு வந்தது. 1911 வரைக்கும் 152,184 பேர் அப்படி வந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காகிதத்தை யாராவது வாசித்துக் காட்டியிருப்பார்கள்? அந்தப் பேரனிடம் போய் ஒப்புதல் படிவத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அன்றிரவு ஒன்று செய்தேன். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 1996-இல் எழுதியது. பன்னிரண்டாம் பிரிவில், ஒருவருடைய அறிந்த சம்மதம் இல்லாமல் அவர்மேல் மருத்துவ, அறிவியல் சோதனை எதையும் நடத்தக் கூடாது என்று அது ஓர் அடிப்படை உரிமையாகவே இருக்கிறது. ஒரு நாட்டின் அரசியல் சட்டத்துக்குள் இந்த வரி இருப்பதைக் கண்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு பட்டிருந்தால் அதை அங்கே எழுதியிருப்பார்கள்! மறுநாள் மாமாவுக்கு அந்த வரியைத் தமிழில் சொன்னேன். இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார்.

படிவம் இருபத்து நான்கு பக்கம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம், யாரிடமும் காட்டலாம் என்றார்கள். ஒரு வாரம் வைத்திருந்தேன். கணக்கு எழுதுகிறவன் ஆகையால் வரிவரியாகக் கோடு போட்டேன். ஆய்வை நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ரா அனுமதித்திருக்கிறதா, நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்தேன். இரண்டும் இருந்தன. நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆய்வு நடத்துகிறவர்களைப் பற்றியே புகார் சொல்வதற்கான எண் அது. எந்த ஆய்வுக்குப் போகிறவர்களும் அந்த எண்ணைச் செல்போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பேன்.

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். புது மருந்து கிடைக்காதவர்களுக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்து வலியோடு விட்டுவிடுவீர்களா? இல்லை, அவர்களுக்கு அலோபியூரினால். எனக்கு எது என்று யார் தீர்மானிப்பார்கள்? கணினி, சீட்டுக் குலுக்கல் போல. டாக்டருக்காவது தெரியுமா? தெரியாது, ஆபத்து என்றால் மட்டும் உறையைத் திறந்து பார்க்க வழி இருக்கிறது. மருந்தால் எனக்குக் கெடுதல் வந்தால்? வைத்தியச் செலவுக்குக் காப்பீடு இருக்கிறது, இதோ அந்தப் பக்கம். நடுவில் விலகினால்? எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். உங்கள் வழக்கமான வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது. கடைசியாக ஒன்று கேட்டேன்: ஆய்வு முடிந்த பிறகு அந்த மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தால் எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா?

டாக்டர் கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். "இந்த ஆய்வில் கிடைக்காது" என்றார். "பதிவாகி, கடைக்கு வந்த பிறகுதான். அதுவரை அலோபியூரினாலுக்கே திரும்புவீர்கள்."

இதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிற இடம். உடம்பைக் கொடுத்து ஒரு மருந்தை நிரூபிக்கிறவனுக்கு, அது சந்தைக்கு வரும்வரை அதைத் தொடர்ந்து கொடுப்பதுதான் நியாயம். சில ஆய்வுகளில் அப்படி நீட்டிப்பு வைக்கிறார்கள். இதில் இல்லை. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். அவர் மழுப்பாமல் சொன்னதால் போட்டேன் என்பதும் உண்மை.

பணத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: இங்கே கொடுப்பது சம்பளம் கிடையாது. செலவழித்த நேரம், பட்ட சிரமம், போக்குவரத்துச் செலவு, இந்த மூன்றையும் கணக்கிட்டு ஒரு தொகை. பெட்ரோலுக்கும் அரை நாள் லீவுக்கும் சரியாகப் போனது.

முதல் மாதம்தான் கடினம். பழைய அலோபியூரினாலை நிறுத்தி, அது உடம்பைவிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும். ரத்தம், சிறுநீர், இதயத் துடிப்புப் படம், கால் மூட்டில் ஸ்கேன். ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினார். எலும்பு முனையில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு மேலே, குருத்தெலும்பின்மேல், இன்னொரு வெள்ளைக் கோடு. இரண்டாவது கோடு இருக்கக் கூடாத கோடு. அதுதான் படிகம். கோலம் போட்டு அதன்மேலேயே இன்னொரு இழை இழுத்த மாதிரி அவ்வளவு நேர்த்தியாகப் படிந்திருந்தது. இத்தனை ஆண்டும் வலி இல்லாத நாட்களில் எனக்கு நோய் இல்லை என்று நினைத்திருந்தேனே, அந்த நாட்களிலும் அந்தக் கோடு அங்கே இருந்திருக்கிறது.

அப்புறம் இரண்டு டப்பா மாத்திரை. ஒன்று நிஜம், ஒன்று போலி, எது எது என்று தெரியாது. வலி வராமல் தடுக்கத் தினமும் ஒரு கோல்சிசின். ஒரு டைரி. மாதம் ஒருமுறை ரத்தம். ரத்தத்தில் யூரிக் அமிலம் எவ்வளவு என்பதை மட்டும் எனக்கும் சொல்ல மாட்டார்கள், அங்கே இருக்கும் டாக்டருக்கும் போகாது. எண் தெரிந்தால் எந்த மருந்து என்று ஊகித்துவிடலாம், ஊகித்தால் மனசு மாறும், மனசு மாறினால் டைரியில் எழுதுவது மாறும். கணக்கு எழுதுகிறவனுக்கு எண் தெரியாமல் இருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. வேலைக்குப் போகும் வழியிலேயே ஒரு லேப் இருக்கிறது. பணம் கட்டினால் மாலையில் எண் போனுக்கு வந்துவிடும். இரண்டு முறை அந்த வாசலில் காரை நிறுத்தினேன். இரண்டு முறையும் இறங்காமல் கிளம்பிவிட்டேன்.

ஆறாவது வாரம் வலி வந்தது. அதே விரல், பழையதைவிடப் பயங்கரமாக.

புதிதாக வைத்தியம் தொடங்குகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கல்கண்டுக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் ஒரேயடியாகக் கரையாது. ஓரங்கள் இளகும், சில்லுகள் உதிரும். யூரிக் அமிலம் இறங்கத் தொடங்கியதும் மூட்டுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. உதிரும் சில்லுகளைப் பார்த்து உடம்பின் காவல் அணுக்கள் பாய்கின்றன. வலி வருகிறது. மருந்து வேலை செய்வதால் வருகிற வலி. இதை யாரும் சொல்லாததால்தான் எத்தனையோ பேர் "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்று முதல் மாதத்திலேயே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதையெல்லாம் படிவத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வரிக்குக் கீழே நானே கோடும் போட்டிருந்தேன். ஆனால் இரவு மூன்று மணிக்கு அந்தக் கோடு ஞாபகத்துக்கு வரவில்லை. மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினேன். ஆய்வுக்காரர்களைக் கூப்பிடாமல் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போய் வலி ஊசி போட்டுக்கொண்டேன். டைரியில் ஒன்றும் எழுதவில்லை. வலி வந்தது தெரிந்தால் விலக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்கிற பயம் அது. பள்ளிக்கூட நாளிலிருந்தே கூடவே வருகிறது.

சரி, அந்த நீலத் தட்டுக்கு வருவோம். மறந்துவிட்டேன் என்று நான் சொன்னதும் சிஸ்டர் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்தார். "மூன்று நாளும் சேர்ந்தாற்போலவா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. முதலில் ஊசியின் பெயரைக் கேட்டார். அதனால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று அப்போதே இன்னொரு குழாய் ரத்தம் எடுத்தார். வேறு ஏதாவது ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா என்று இரண்டு முறை கேட்டார். கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு கோல்சிசின் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அப்புறம் சொன்னார்: "பாபா, உங்களுக்கு வலி வருகிறதா, எத்தனை முறை வருகிறது என்பதைத்தான் நாங்கள் கேட்கிறோம். நீங்கள் அதை மறைத்தால், வலியே வராத மருந்து என்று நாங்கள் எழுதிவிடுவோம்."

அந்த வாக்கியம் என்னை வீடு வரைக்கும் துரத்தியது. அன்றிரவு உட்கார்ந்து இந்த நோய்க்கு நடந்த பெரிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். ஃபெபுக்ஸோஸ்டாட் என்ற மாத்திரையின் கதை அப்போதுதான் கிடைத்தது. 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்குக் கெடுதலோ என்று சந்தேகம் இருந்ததால், அலோபியூரினாலோடு ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தச் சொன்னார்கள். கேர்ஸ் என்று பெயர். ஏற்கெனவே இதய நோயும் இருந்த கவுட்காரர்கள் 6,190 பேர். 2018-இல் முடிவு வந்தது: ஃபெபுக்ஸோஸ்டாட் சாப்பிட்டவர்களில் இதயக் கோளாறால் இறந்தவர்கள் 4.3 விழுக்காடு, அலோபியூரினால் சாப்பிட்டவர்களில் 3.2. மறு ஆண்டு அமெரிக்காவில் அந்த மாத்திரையின் விவரத்தாளில் கட்டம் கட்டிய கடும் எச்சரிக்கை ஏறியது. ஆனால் அந்த ஆய்வுக்குள் ஓர் ஓட்டை இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள், 56.6 விழுக்காடு, மாத்திரையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். 45 விழுக்காடு பேர் ஆய்வு முடிவதற்குள் வருவதையே விட்டுவிட்டார்கள். இறந்தவர்களில் பலர் மாத்திரையை நிறுத்திய பிறகு இறந்தவர்கள். அப்படியானால் மருந்தா, மருந்தை நிறுத்தியதா, இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவதா? உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் ஆட்களே போய்விட்டார்கள்.

ஐரோப்பாவில் ஃபாஸ்ட் என்று இன்னொரு ஆய்வு நடந்தது. பிரிட்டன், டென்மார்க், சுவீடன் நாடுகளில் 6,128 பேர், அறுபது வயதும் அதற்கு மேலும். 2020-இல் முடிவு வந்தது. ஃபெபுக்ஸோஸ்டாட் அலோபியூரினாலைவிட இதயத்துக்கு மோசமில்லை, இறப்பும் கூடவில்லை. அந்த ஆய்வில் தொடர்கண்காணிப்பிலிருந்து விலகியவர்கள் ஆறு விழுக்காடு அளவுதான். ஏறக்குறைய அதே அளவு ஆட்கள், அதே இரண்டு மாத்திரைகள். இரண்டு ஆய்வுக்கும் சேர்ந்தவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லைதான், ஒன்றில் எல்லோருமே இதய நோயாளிகள். ஆனாலும் ஒன்றின் பதிலை நம்பிக் கையில் பிடிக்க முடிகிறது, மற்றதன் பதில் விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது. அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வந்துகொண்டே இருந்தவர்களுடையது. பனியிலும் மழையிலும் மாத்திரையை விழுங்கி, கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்ன, முகம் தெரியாத அந்த வயதானவர்களை நினைத்து அன்றிரவு எனக்குக் கண் கலங்கியது. என் மூன்று மாத்திரையும் நினைவுக்கு வந்தது.

மாமாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே போய் ஒரு பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து வந்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கோல்சிசின், மணிக்கு ஒன்று, வலி தணியும்வரை அல்லது வயிற்றுப்போக்கு தொடங்கும்வரை. அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அவர் தாவாரத்துக்கும் கழிப்பறைக்குமாக நொண்டி நடந்த இரவுகளைப் பற்றிச் சொன்னார். அந்தச் சீட்டைத் தவறு என்று நிரூபித்ததும் ஓர் ஆய்வுதான். 2010-இல் வெளிவந்தது, வலி வந்தவர்கள் 184 பேர். ஒரு மணி நேரத்தில் மொத்தம் 1.8 மில்லிகிராம் மட்டும் எடுத்தவர்களுக்கும், ஆறு மணி நேரத்தில் 4.8 எடுத்தவர்களுக்கும் வலி குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். வயிற்றுப்போக்கு மட்டும் அதிகம் எடுத்தவர்களில் 77 விழுக்காட்டினருக்கு, குறைவாக எடுத்தவர்களில் 23 விழுக்காட்டினருக்கு. அந்த 184 பேரில் சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. கவுட் வலியோடு அதை விழுங்கச் சம்மதித்தவர்கள்.

மாமா சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "என்னயும் சேத்துக்குவாங்களா?" என்றார்.

அழைத்துப் போனேன். படிவத்தை அவருக்குத் தமிழில் முழுசாகச் சொல்ல இரண்டு மாலை ஆயிற்று. காப்பீட்டுப் பக்கத்தை மூன்று முறை சொன்னேன். கையெழுத்தைத் தமிழில்தான் போட்டார், நிறுத்தி நிதானமாக. அந்தப் பேனாவை அவர் பிடித்திருந்த விதம் எனக்கு மறக்காது. கட்டைவிரல் நகம் வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதல் ரத்தப் பரிசோதனையிலேயே சிறுநீரகம் பாதிக்குக் கீழே வேலை செய்வது தெரிந்தது. ஆய்வின் விதிப்படி இடமில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்கப் பேசவில்லை. இறங்கும்போது, "வயசாயிட்டா வேணாம்னுட்டாங்கோ" என்றார். வயது காரணமில்லை என்று விளக்கினேன். அவருக்கு அது இரண்டும் ஒன்றுதான். எனக்கும் கோபம் இருக்கிறது. கவுட்காரர்களில் எத்தனை பேருக்குச் சிறுநீரகமும் கெட்டிருக்கிறது! அவர்களுக்குத்தான் மருந்து தேர்ந்தெடுப்பது கடினம், அவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறார்கள். ஆபத்து என்கிறார்கள், காரணம் புரிகிறது. ஆனாலும் அவர்களுக்கென்று தனியாக ஆய்வு நடத்த வேண்டும், அடிக்கடி நடத்த வேண்டும். எழுபது வயதுச் சிறுநீரகக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை ஐம்பது வயது ஆரோக்கியமான ஆளை வைத்து எத்தனை நாள் ஊகிப்பது?

ஒன்று நடந்தது. அந்த ரத்தப் பரிசோதனையின் முடிவை ஆய்வு டாக்டர் ஒரு கடிதத்தோடு கொடுத்தனுப்பினார். மாமா பல ஆண்டுகளாகக் கடையில் வாங்கித் தின்றுகொண்டிருந்த வலி மாத்திரைதான் சிறுநீரகத்தை மேலும் கெடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்கள். அரசுக் கிளினிக்கில் அலோபியூரினால் குறைந்த அளவில் தொடங்கி, ரத்தம் பார்த்துப் பார்த்து மெல்லக் கூட்டினார்கள்.

நான் என் ஆய்வைக் கடைசி நாள் வரைக்கும் முடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை வலி வந்தது, இரண்டையும் அதே இரவிலேயே எழுதினேன், ஒரு முறை விடியற்காலை நாலு மணிக்கு அவசர எண்ணுக்குக் கூப்பிட்டேன். கடைசி ஐந்து மாதம் வலியே இல்லை. கடைசி ஸ்கேனில் அந்த இரண்டாவது கோடு நடுநடுவே அறுந்திருந்தது. நான் சாப்பிட்டது புது மருந்தா, அறுபது ஆண்டுப் பழைய மருந்தா என்று இன்னும் சொல்லவில்லை. எல்லா நாட்டு ஆட்களும் முடித்து, கணக்கைப் பூட்டிய பிறகுதான் உறையைத் திறப்பார்கள். இப்போது அலோபியூரினால் சாப்பிடுகிறேன், நாள் தவறாமல். எண்ணையும் பார்க்கிறேன். போன மாதம் 0.33.

போன ஞாயிறு வகுப்பு முடிந்து மாமா வீட்டுக்குப் போனேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கோயிலில் கொடுத்த தமிழ் காலண்டர் தொங்குகிறது. மாத்திரை போட்ட ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அது அவராகவே தொடங்கியது. வியாழக்கிழமைக் கட்டத்தில் கோட்டுக்குப் பதிலாக ஒரு சுழி இருந்தது.

"இது என்ன மாமா?"

"அன்னிக்கி போடல. பேத்தி கல்யாணப் பேச்சு, மறந்துட்டேன்" என்றார். "கிளினிக்குல கேட்டா சொல்லணுமே, அதான் போட்டு வச்சேன்."